சட்டையிடம் தோற்காதவர்

அந்தப் பதிப்பகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று இருந்தது: தலைமைப் பதிப்பாசிரியரின் மேசைமீது தாளை வைத்தவர், அவர் அதைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு அறையில் நிற்கக் கூடாது. வைத்த கையோடு பின்வாங்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், மணி ஒலித்த பின்னரே மீண்டும் நுழைய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. முன்னால் செல்பவரின் குதிகாலைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். காரணம் கேட்டால், மரியாதை என்றார்கள். ஒன்றை ஏன் செய்கிறோம் என்று தெரியாத படிப்பாளிகள் அந்தத் தெரியாமைக்குச் சூட்டும் பெயர்களில் இதுவே மிகவும் புழக்கத்தில் உள்ளது.

இந்த விதியை அறியாத இருவர் ஒரு பிற்பகலில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

முன்னால் வந்தவர் வக்கீலம்மா. வழக்கின் நடுவே உறங்கிக்கொண்டிருந்த நீதிபதியை மேசையைத் தட்டி எழுப்பியதால் கருப்பு அங்கியை இழந்து, துப்பறிவதைத் தொழிலாகக் கொண்டவர். பின்னால் வந்தவன் பென்சில். கதவுகளில் பக்கவாட்டில் நுழைய வேண்டிய அந்த உடம்புக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பது மட்டும் அவர்கள் இருவராலும் துலக்க முடியாத மர்மம். அவன் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையின் மார்பில், கையகல எழுத்துகளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருந்தது: இதைப் படித்துவிட்ட முட்டாளுக்கு வணக்கம்.

மூன்றாம் மாடியில், அச்சேறும் முன் பிழை பார்க்கும் மெய்ப்பறை. ஒட்டடை படிந்த குழல்விளக்கின் கீழே, சாய்வு மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்த மெய்ப்புத் திருத்துநர், வக்கீலம்மாவின் கணவருக்குத் தங்கை. "வாங்க அண்ணி" என்று எழுந்தவரின் பார்வை அண்ணியைத் தாண்டிப் பென்சிலின் மார்பில் விழுந்தது. விழுந்த கணத்திலேயே முகம் சுளித்தது.

"என்ன அண்ணி இது? இவருக்கு வேற சட்டையே கிடைக்கலையா?"

"தோத்துட்டீங்க" என்றான் பென்சில், மகிழ்ச்சியோடு. "வாசல்ல காவலுக்கு நிக்கிறவர் தோத்தார். லிஃப்ட்ல வந்த கணக்கர் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தோத்தார். இந்தச் சட்டையை ஜெயிச்ச ஆள் இன்னும் பொறக்கல."

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்றார் வக்கீலம்மா. "குட்டி, நீ உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

குட்டி என்று அண்ணியால் மட்டும் அழைக்கப்படும், காதோரம் நரைத்த அந்தப் பெண்மணி சொன்ன செய்தி இதுதான். பதிப்பகத்தின் பெருமைக்குரிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று சென்ற வாரம் வெளியாயிற்று. அதன் முன்னுரையை எழுதியவர் தலைமைப் பதிப்பாசிரியர்; ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் விழுங்குவார் என்ற புகழால் கழுகார் எனப்படுபவர். அந்த முன்னுரையின் கடைசி அரைப்பக்கத்தில், கழுகாரையே ஏளனம் செய்யும் வரிகள் அச்சாகியிருந்தன. இலக்கிய உலகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த உலகத்தார் ஒரு நூலை உண்மையாகவே வாசித்த அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

"நான் பார்த்த புரூஃப்ல அந்த வரிகள் இல்லை, நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் யாரோ நுழைச்சிருக்காங்கன்னு ஐயா சொல்றார். கையெழுத்துக்கு அப்புறம் பக்கம் என் கைக்குத்தானே வந்துச்சு? அதனால நான்தானாம். சாயங்காலம் பணிநீக்க உத்தரவு. 'நாசவேலை'ன்னு ஒரு வார்த்தை போடப் போறாங்களாம். வேலை போனா போகட்டும் அண்ணி. அந்த வார்த்தையோட நான் எந்த அச்சகத்துப் படியில ஏற முடியும்? அடுத்தவங்க எழுதினதைப் படிக்கறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?"

"கையெழுத்துப் போட்ட புரூஃப் எங்க?"

"அச்சு ஏறினதும் கூழாக்க அரைவைக்குப் போயிடும். எப்பவும் அப்படித்தான்."

"அந்த வரிகளை முன்னாடியே நீ பார்த்தியா?"

"பார்த்தேன். சிரிச்சேன். ஓரத்துல 'ஐயாவின் வரிகள் தேவை'ன்னு சிவப்பு மையில எழுதி மேல அனுப்பினேன். அது திட்டுவரி அண்ணி. அதை அடிக்கற உரிமை எங்களுக்குக் கிடையாது."

வக்கீலம்மா மேசையிலிருந்த கருப்பு அட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் நடுவில், ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சிறு பிளவு வெட்டப்பட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"வரி முழுசாக் கண்ல பட்டா நான் படிச்சிடுவேன். படிச்சிட்டா தப்பு தெரியாது. கண்ணு எல்லாத்தையும் சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டு ஓடிடும். அதை ஓடவிடாமப் பிடிச்சு வெக்கத்தான் இந்த அட்டை."

"அதாவது, படிக்காம இருக்கறதுக்கு ஒரு கருவி" என்றான் பென்சில். "என் பள்ளிக்கூடத்துல இதை இலவசமாவே குடுத்தாங்க."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அட்டையின் பிளவு வழியே அவனுடைய சட்டையை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதை மேசைமேல் வைத்தார். "திட்டுவரி எழுதினவரைப் பார்க்கணும்."

பக்கம் அமைப்பவர் அடுத்த அறையில், கணினித்திரையின் நீல வெளிச்சத்தில் அமர்ந்திருந்தார். உள்ளே வந்தவர்களுள் முதலில் பென்சிலின் மார்பைப் பார்த்தார், சிரித்தார், சிரித்ததற்காக வெட்கப்பட்டார். பென்சில் விரலை மடக்கி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டான்.

"திட்டுவரின்னா என்ன?" என்று வக்கீலம்மா கேட்டதும் அவர் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது; இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

"எழுத்தாளர் குடுத்தது பக்கத்துக்குப் பத்தாமப் போயிடும். பாக்கி வரி அப்புறம் வரும்பாங்க. அதுவரைக்கும் அந்த இடத்தை நிரப்பி வெக்கணும் இல்லையா? சும்மா ஏதோ வரியைப் போட்டு நிரப்பினா, யாரும் கவனிக்காம அப்படியே அச்சுக்குப் போயிடும். அதனால வரி தர வேண்டிய ஆளையே திட்டி நிரப்புவோம். தன்னைத் திட்டியிருந்தா எந்த மனுஷன் கண்ணும் அதைத் தாண்டிப் போகாது. உடனே அடிச்சுட்டு, சொந்த வரியை எழுதிக் குடுத்துடுவாங்க. இங்க ரொம்ப நாளா இருக்கற பழக்கம்."

"கழுகாருக்கும் உண்டா?"

"அவருக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். முந்தியெல்லாம் பதிலுக்கு என்னைத் திட்டி ரெண்டு வரி ஓரத்துல எழுதி அனுப்புவார். என் சம்சாரம்கூட அப்படித் திட்டினது கிடையாது. அப்புறம் கொஞ்ச வருஷமா அதை நிறுத்திட்டார். அக்கா கையால புது வரி மட்டும் வரும். பெரிய மனுஷன், தளர்ந்துட்டார்னு நினைச்சேன்."

அக்கா என்று அலுவலகம் முழுவதும் அழைத்தது, கழுகாரின் மகளை. தந்தைக்குச் செயலராக இருந்தவர்.

"இந்தத் தடவை அக்கா எங்க?"

"முன்னுரையோட புரூஃப் ஐயாகிட்டப் போச்சே, அந்த வாரம் முழுக்க லீவு. பையனுக்குக் காய்ச்சல்."

"இந்த வரிகளைப் போட்டது நான்தான், புரூஃப் போகும்போதே இருந்துச்சுன்னு நீங்க ஐயாகிட்டச் சொன்னீங்களா?"

பக்கம் அமைப்பவர் சுட்டெலியைத் துடைத்தார். அது சுத்தமாகவே இருந்தது. "அவர் கேக்கலையே."

"உங்க பக்கத்து அறையில இருக்கறவ வேலை போகுது. அதையும் அவ கேட்டாத்தான் தெரியுமா?"

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா."

"இருக்கும். அவங்களாவது உங்களைப் பார்த்துக் கத்துக்காம இருக்கட்டும்" என்றார் வக்கீலம்மா. "அந்த வரிகளைத் திரையில காட்டுங்க."

திரையில் அவை தெரிந்தன. 'பெருமதிப்பிற்குரிய தலைமைப் பதிப்பாசிரியர் அவர்கள், முன்னுரை என்ற பெயரில் ஒன்றரைப் பக்கம் கொட்டாவி விட்டிருக்கிறார். மீதி அரைப் பக்கத்தில் அவருடைய குறட்டையை அச்சிடலாமா என அச்சகம் ஆலோசித்து வருகிறது. வாசகர்கள் தலையணையுடன் வரவும்.'

"கேஸ் முடிஞ்சது" என்றான் பென்சில். "எழுதினவர் இவர். பார்த்தவங்க உங்க நாத்தனார். கையெழுத்துப் போட்டவர் தூங்கிட்டார்."

"தன்னைத் திட்டினதைப் பார்த்தா தூங்கறவன்கூட எழுந்துடுவான்" என்றார் வக்கீலம்மா. "வா, கழுகோட கூட்டைப் பார்க்கலாம்."

கழுகாரின் அறை, தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் கொண்ட அறை. ஒரு சுவர் முழுதும் தோல் கட்டுப் புத்தகங்கள். மறு சுவரில் பாராட்டுப் பட்டயங்கள். நடுவில், படகு போன்ற மேசை. ஆனால் அந்த மேசையில் ஒரு விந்தை. தாள்கள், மணி, பேனாக் கூடு, தண்ணீர்க் குவளை அனைத்தும் அவருடைய இடக்கைப் பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. வலப்பக்கம் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. மகள் இடப்பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

பென்சில் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே சென்றான். கழுகாரின் பார்வை அவன் முகத்தில் அமைதியாகப் படிந்தது. மார்பில் வழுக்கிக் காலணிவரை இறங்கி, எங்கும் தடுக்காமல் மீண்டும் முகத்துக்கே ஏறியது.

"உங்க உதவியாளர் அடக்கமான மனுஷனாத் தெரியறார்" என்றார் வக்கீலம்மாவிடம். "இந்தக் காலத்துல அபூர்வம்."

எண்ணிக்கைக்காக மடக்கத் தொடங்கிய விரலைப் பென்சில் மீண்டும் நிமிர்த்தினான். அவனுடைய வாழ்நாளில் அது முதல் முறை. மகள் மட்டும் அந்தச் சட்டையைப் பார்த்து, சட்டென்று கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

வக்கீலம்மா தம் முகவரி அட்டையை நீட்டினார். கழுகார் அதைக் கண்ணருகே பிடித்தார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரல், கட்டைவிரலின் மேல் எதையோ கிறுக்குவதுபோல அசைந்தது. அலுவலகத்தார் அதைப் பெரியவரின் பொறுமையின்மை என்று சொல்லிக்கொள்வார்கள்.

"அச்சு நல்லா இருக்கு" என்று அட்டையைக் கீழே வைத்தார். "வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"அந்த வரிகள் புரூஃப்ல இல்லைங்கறதுல உங்களுக்குச் சந்தேகமே இல்லையா ஐயா?"

"அம்மா, எனக்கு ஏன் கழுகுன்னு பேர் வந்துச்சுன்னு தெரியுமா? பக்கத்தைப் புரட்டும்போதே எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும். என்னையே கேவலப்படுத்தற வரியை நான் பார்க்காம விட்டிருப்பேனா?"

"விட்டிருக்க மாட்டீங்க. படிக்கிற எந்த மனுஷனும் விட்டிருக்க மாட்டான்."

"அதேதான்." அவர் புன்னகைத்தார். "நான் கொடுமைக்காரன் இல்ல. அந்தப் பொண்ணு தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்பு எழுதிக் குடுக்கட்டும். நாசவேலைங்கற வார்த்தையை எடுக்கலாமான்னு யோசிக்கறேன். அஞ்சு மணிக்குள்ள." பேனாவை எடுத்து, தாளொன்றில் நிற்காத ஓட்டத்தில் எழுதினார். செதுக்கி வைத்தாற்போன்ற எழுத்து. மகள் அதை வாங்கிப் படித்து, "மன்னிப்புக் கடிதம் வந்தா நேரா உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கார்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பென்சில் தன் சட்டையை இரு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

"வக்கீலம்மா, மை அழிஞ்சுடுச்சா?"

"இல்ல."

"அப்போ அவர் ஏன் தோக்கல? சிரிக்கல, முறைக்கல, மூக்குகூட விடைக்கல. ஒரு வைராக்கியத்துல படிக்காம விட்டிருப்பாரோ?"

"அது யாராலயும் முடியாது. காதைப் பொத்திக்கலாம். ஆனா நல்லாப் படிச்சுப் பழகினவன் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு, முன்னாடி இருக்கற வார்த்தையைப் படிக்காம இருக்க முடியாது. கொழந்தைதான் எழுத்து எழுத்தாக் கூட்டும். நமக்கு வார்த்தை மொத்தமா ஒரே சிமிட்டல்ல உள்ள போயிடும். நம்மளை அது அனுமதி கேக்கறதே இல்ல. அதனாலதான் குட்டிக்கு ஓட்டை போட்ட அட்டை வேணும். அதனாலதான் உன் சட்டை எல்லாரையும் முட்டாளாக்குது."

பென்சில் யோசித்தான். அவன் யோசிக்கும்போது நெற்றியில் மடிப்புகள் விழுவதற்கு இடம் தாராளமாக இருந்தது. "அப்போ... கழுகாருக்குப் படிக்கத் தெரியாது?"

"அப்படித்தான் உன் சட்டை சொல்லுது."

"சட்டை உளறுது! நம்ம கண்ணு முன்னாடி எழுதினாரே! எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாதா? சமைக்கத் தெரியும், சாப்பிடத் தெரியாதுங்கற மாதிரி இருக்கு."

"அதுதான் இடிக்குது" என்று ஒப்புக்கொண்டார் வக்கீலம்மா. தம் சுட்டுவிரலைக் கட்டைவிரலின் மேல் கிறுக்குவதுபோல அசைத்துப் பார்த்தார். பின்னர் பக்கம் அமைப்பவரின் அறைக்குள் தனியாக நுழைந்தார். வெளியே வரும்போது கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதை நாத்தனாரிடம் காட்டவில்லை.

"குட்டி, உன் பேர்ல ஒரு மன்னிப்புக் கடிதம் உள்ள போகப் போகுது."

"அண்ணி! நான் என்ன தப்பு பண்ணினேன்னு மன்னிப்புக் கேக்கறது?" என்றார் மெய்ப்புத் திருத்துநர். "பிச்சை எடுத்தாலும் எடுப்பேனே தவிர..."

"என்மேல நம்பிக்கை இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"அந்த 'ஆனா'வை அஞ்சு மணிவரைக்கும் முழுங்கி வை. பென்சில், உனக்கு ஒரு வேலை. மக வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் உள்ள போக விடாதே."

"எப்படித் தடுக்கறது?"

"சும்மா நில்லு. போதும்."

அவ்வாறே நடந்தது. வக்கீலம்மா தாளை விரித்து, கழுகாரின் இடப்பக்கத்தில் வைத்து, "கடிதம் ஐயா. நேரம் ஆயிடுச்சு, பதிலைக் கீழேயே எழுதிடுங்க" என்றார். பின்னர் அறிந்தோ அறியாமலோ விதிப்படி பின்வாங்கிக் கதவைச் சாத்தினார். குவளையில் தண்ணீர் நிரப்பச் சென்றிருந்த மகள் திரும்பி வந்தபோது, தாழ்வாரத்தின் அகலம் முழுவதையும் பென்சில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க. அப்பா தனியா இருக்கார்."

"படிச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்கார்? அவர் படிக்கும்போது உள்ள யாரும் போகக் கூடாதுன்னு பக்கம் அமைக்கறவர் முணுமுணுத்தாரே."

"நான் போகலாம். குறிப்பெடுக்கணும்." இடப்பக்கம் நகர்ந்தார், பென்சிலின் தோளும் நகர்ந்தது. "தயவு செஞ்சு விடுங்க."

"நீங்க லீவுல இருந்த வாரம் யார் குறிப்பெடுத்தாங்க?"

மகள் நகர்வதை நிறுத்தினார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "பையனுக்குக் காய்ச்சல் கொதிச்ச அன்னிக்கு, இந்தக் கட்டடத்துலேர்ந்து வீடு தேடி வந்தவங்க அவங்க ஒருத்தர்தான். வேலை முடிஞ்சு வந்து, விடியறவரைக்கும் நெத்தியில துணி போட்டாங்க."

"யாரு?"

"புரூஃப் பார்க்கற அக்கா."

பென்சிலின் தோள் வழியிலிருந்து விலகியது. உள்ளிருந்து மணி ஒலித்தது.

எல்லோரும் அழைக்கப்பட்டார்கள். பக்கம் அமைப்பவர் கதவுக்கு மிக அருகில் நின்றார், ஓடுவதற்கு வசதியாக. மெய்ப்புத் திருத்துநர் நடுவில் நின்றார். மகள் தந்தையின் இடப்பக்கம் விரைந்தார். ஆனால் தாள் அதற்குள் கழுகாரின் கையில் உயர்ந்திருந்தது. அருகில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது பணிநீக்க உத்தரவு.

"கடிதத்தைப் படிச்சேன்" என்றார் கழுகார். குரல் மேடைக்குரியதாக மாறியிருந்தது. "தொடக்கமே முறையா இருக்கு. பணிவான மொழி. இப்படி எழுதத் தெரிஞ்சவங்க அப்படி ஒரு காரியத்தைச் செஞ்சிருக்க வேண்டாம். ஆனா மன்னிப்பு மட்டும் போதாது. என் பதிலைக் கீழே எழுதியிருக்கேன்."

"நான் வாசிக்கலாமா ஐயா?" என்று வக்கீலம்மா தாளை வாங்கிக்கொண்டார். "உங்க பதில்: 'பணிவைப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு சொல்லும் உள்ளத்திலிருந்து வந்திருக்கிறது. எனினும் உத்தரவில் மாற்றமில்லை.' சரிதானே?"

"சரி."

"இப்போ, நீங்க பாராட்டின கடிதம்." வக்கீலம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "'பெருமதிப்பிற்குரிய தலைமைப் பதிப்பாசிரியர் அவர்கள், முன்னுரை என்ற பெயரில் ஒன்றரைப் பக்கம் கொட்டாவி விட்டிருக்கிறார். மீதி அரைப் பக்கத்தில் அவருடைய குறட்டையை...'"

பக்கம் அமைப்பவர் கதவை நோக்கி இன்னும் ஓரடி நகர்ந்தார்.

"ஒவ்வொரு சொல்லும் உள்ளத்திலிருந்துதான் வந்துச்சு ஐயா" என்றான் பென்சில், பக்கம் அமைப்பவரைக் காட்டி. "அதை மட்டும் நீங்க கரெக்டாப் படிச்சிருக்கீங்க."

கழுகார் தாளைப் பறிக்கக் கை நீட்டினார். "தாளை மாத்திட்டீங்க!"

"கீழ இருக்கறது உங்க கையெழுத்து. மை இன்னும் காயல." வக்கீலம்மா தாளை எல்லோரும் காணும்படி திருப்பினார். "எழுதறவரால எப்படிப் படிக்க முடியாமப் போகும்னுதான் எனக்குப் புரியல. அப்புறம் உங்க விரல் ஞாபகம் வந்துச்சு. நான் கோர்ட்டுல இருந்தப்போ ஒரு குமாஸ்தா இருந்தார். மூளையில ரத்தம் கட்டி, பொழச்சு எழுந்தார். பேச்சு போகல, எழுத்து போகல. படிப்பு மட்டும் போச்சு. காலையில தானே எழுதின மனுவைச் சாயங்காலம் குடுத்தா, யார் எழுதினதுன்னு கேப்பார். வலப்பக்கம் வெச்ச பொருளும் அவர் கண்ணுக்குத் தெரியாது. வார்த்தை மொத்தமா உள்ள போகாது. ஒவ்வொரு எழுத்தா விரல்ல வரைஞ்சு, கை சொல்றதை வெச்சு அடையாளம் கண்டுபிடிப்பார். சின்ன வார்த்தைக்குக் கொஞ்ச நேரம், நீட்டு வார்த்தைக்கு நிறைய நேரம். 'பெருமதிப்பிற்குரிய'ன்னு விரலால கூட்டி முடிக்கறதுக்குள்ள உங்க நேரம் போயிடுச்சு. மீதி பணிவாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணீங்க. முன்னுரைக்கும் அதே கதைதான். படிச்சுச் சொல்ல மக இல்ல. சொந்த முன்னுரைதானேன்னு கையெழுத்துப் போட்டீங்க."

பக்கம் அமைப்பவர், "எங்களுக்கு எதுவுமே தெரியாதும்மா" என்றார்.

"தெரியாம இருக்கறதுக்குத்தானே தினமும் கதவைச் சாத்திட்டு வெளியே போனீங்க" என்றார் வக்கீலம்மா. பின்னர் கழுகாரிடம் திரும்பினார். குரலில் வெப்பம் இல்லை; அதுதான் கொடுமையாக இருந்தது. "படிக்க முடியாமப் போனது உங்க தப்பு இல்ல ஐயா. அது யாருக்கும் வரலாம். ஆனா அந்த ஓட்டையை அடைக்க ஒருத்தியோட பொழைப்பைப் பிச்சு எடுத்தீங்க பாருங்க, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கூசுது. கழுகாம், கழுகு."

கழுகார் எழுந்திருக்க முயன்று, மறுபடி அமர்ந்தார். "நான் இன்னும் இங்க தலைமைப் பதிப்பாசிரியர்தான்" என்றார். "நாளைக்கு நீங்க என்ன வேணும்னாலும் பேசிக்கலாம். இன்னிக்கு இந்த உத்தரவு போகும். எல்லாரும் வெளியே போங்க. நான் இதைப் படிச்சுக் கையெழுத்துப் போடணும்."

நடந்தது என்னவென்று அந்த அறையிலிருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். இருந்தும், 'படிச்சு' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கால்கள் பழைய வழக்கப்படி பின்னோக்கி நகர்ந்தன. பக்கம் அமைப்பவர் முதல் ஆளாக வாசலைக் கடந்தார். குற்றம் சுமத்தப்பட்ட மெய்ப்புத் திருத்துநரே இரண்டடி பின்வாங்கினார். பென்சில்கூட, எதற்கென்று தெரியாமல், கதவின் பிடியைத் தேடினான். பணிவு ஒரு தொற்று. அதற்குப் படிப்பு மருந்தாகாது.

மகள் போகவில்லை.

பார்வையாளருக்கான நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார். கழுகார் படிக்கும் வேளையில் எவரும் உட்காராத நாற்காலி அது. அதில் அமர்ந்து, பணிநீக்க உத்தரவைத் தந்தைக்கு முன்னால், இடப்பக்கமாக நகர்த்தினார்.

"படிங்கப்பா."

"நீ வெளியே இரும்மா."

"இல்லப்பா. படிச்சு முடிக்கற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"கையெழுத்துதானே? எங்க போடணும்னு காட்டு, போட்டுடறேன்."

"ஒவ்வொரு தடவையும் விரலை வெச்சுக் காட்டினேன். நீங்க போடற கையெழுத்துக்கு மேல என்ன இருக்குன்னும் நான்தான் சொன்னேன். உங்க மானம் போகக் கூடாதுன்னு பார்த்தேன். அது யார் தலையில விடியும்னு பார்க்கல." அவர் மெய்ப்புத் திருத்துநரைக் காட்டினார். "என் புள்ளை தலைமாட்டுல உக்காந்திருந்தவங்கப்பா அவங்க. இந்தத் தடவை காட்டமாட்டேன். நீங்களே படிங்க. அவங்களைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எழுத்து எழுத்தாப் படிங்க."

கழுகாரின் சுட்டுவிரல் கட்டைவிரலின் மேல் ஏறியது. ஒரு வளைவு வரைந்தது. நின்றது. மறுபடியும் அதே வளைவை வரைந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, அதை மூடி, கையெழுத்துப் போடாமலேயே உத்தரவின் மேல் குறுக்காக வைத்தார்.

மகள் எழுந்திருக்கவில்லை. தாளையும் எடுக்கவில்லை. வாசலில் தயங்கி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் போறீங்க? எல்லாரும் உள்ள வாங்க. கதவு திறந்தே இருக்கட்டும். அப்பா படிக்கப் போறார், நின்னு பாருங்க."